கிளாஸ்கோ நகரத்து வாடகைப் போராட்டமும் குடியிருப்போர் உரிமையும்

தமிழிற் 'குடி' என்னுஞ் சொல் வீட்டையுங் குறிக்கும். வீட்டில் வாழுங் குடும்பத்தையுங் குறிக்கும். அரசனுக்கு உட்பட்ட மக்களையுங் குறிக்கும். வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையைக் 'குடிக்கூலி' என வழங்குவதும் உண்டு. உறைவிடம் இல்லாதவன் குடிமகனாதல் அரிது என்னுங் கருத்து இச்சொல்லாட்சியிலேயே அடங்கிக் கிடக்கின்றது போலும். ஆயின் சட்டங்கள் நெடுங்காலமாக இவ்விரண்டையும் வேறு வேறாகவே வைத்து எண்ணி வந்தன. பிறர் வீட்டில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உரிமையன்றி வேறு உரிமை இல்லை; தவணை முடிந்ததும் அவன் வெளியேற வேண்டியவனே; அடுத்த தவணைக்கு எவ்வளவு கேட்பதென்பது வீட்டுடைமையாளரின் விருப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியத் தொழில் நகரங்களில் நிலவிய நியதி இதுவே. அயர்லாந்தின் உழவர் தம் நிலங்களுக்கு நியாயமான குத்தகை வேண்டிப் போராடி 1881 ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தைப் பெற்றனர். நகரத்து வீடுகளைப் பொறுத்தவரை அந்நியதி முறிந்தது 1915 ஆம் ஆண்டிலேதான். அதனை முறிப்பதற்கு முன்னின்றோர், அக்காலத்திற் பாராளுமன்ற வாக்குரிமையே பெற்றிராத, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்.

கிளாஸ்கோ, கிளைட் ஆற்றின் கரையில் அமைந்த நகரம். 1801 ஆம் ஆண்டிற் சுமார் 77,000 மக்களைக் கொண்டிருந்த அந்நகரம், 1911 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 7,84,000 மக்களைக் கொண்டதாயிற்று. மறு ஆண்டிற் கோவன், பார்ட்டிக் முதலிய அயலூர்கள் நகரத்தோடு இணைக்கப்பட, மக்கட்டொகை பத்து இலட்சத்தைக் கடந்தது. பருத்தி ஆலைகளும், பின்னர் இரும்பும், நிலக்கரியும், கப்பல் கட்டுந் தொழிலும் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டாரையும் அயர்லாந்தின் வறிய மக்களையும் அங்கே ஈர்த்தன. வந்தவர்க்கு வேலை கிடைத்தது. வீடு கிடைப்பது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

அந்நகரத்துத் தொழிலாளர் வாழ்ந்த இல்லங்கள் நம் நாட்டு வீடுகளைப் போலத் தனித்தனி வளவுகளில் அமைந்தவை அல்ல. மூன்று, நான்கு மாடிகள் உயர்ந்த கற்கட்டடங்கள் தெரு நெடுகிலும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரே படிக்கட்டு வழியாகப் பல குடும்பங்கள் ஏறியிறங்கும். ஒவ்வொரு மாடியிலும் இரண்டோ மூன்றோ குடும்பங்கள். மலகூடம் பொதுவானது. பின்புறத்தே துணி துவைப்பதற்கும் உலர்த்துவதற்குமான பொது முற்றம். 'ஒற்றையறை வீடு' எனப்பட்டது முழுவதும் ஒரே அறை. அதற்குள்ளேதான் அடுப்பு, அதற்குள்ளேதான் சுவரிற் குடையப்பட்ட மாடம் போன்ற படுக்கை, பிறப்பும் இறப்பும் அதற்குள்ளேதான். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது கிளாஸ்கோ நகரத்து வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஓரறையோ ஈரறையோ கொண்டவையாகவே இருந்தன.

நெரிசலைத் தடுக்க நகராட்சி கையாண்ட முறை விந்தையானது. 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறு வீடுகளின் கன அளவு அளக்கப்பட்டு, வளர்ந்தோர் ஒருவருக்கு 300 கன அடி என்னும் விகிதத்தில் எத்தனை பேர் உறங்கலாம் என்பது ஓர் உலோகத் தகட்டிற் பொறிக்கப்பட்டுக் கதவில் அறையப்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை அரை ஆளாகக் கணிக்கப்பட்டது. நள்ளிரவிற் பரிசோதகர் வந்து கதவைத் தட்டி ஆட்களை எண்ணுவர். எண்ணிக்கை மிகுந்திருந்தாற் குற்றம் குடியிருப்பவனுடையது. அவ்வளவு சிறிய அறையை வாடகைக்கு விட்டவனிடம் அத்தகடு எதனையும் கேட்கவில்லை. ஏழையின் வீட்டை அரசாங்கம் எக்கண்கொண்டு நோக்கியது என்பதை அறிய இவ்வொரு தகடே போதும்.

நகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரியாக 1872 முதல் 1898 வரை கடமையாற்றிய டாக்டர் ஜேம்ஸ் பேர்ண் ரசல் என்பார், ஓரறை வாழ்க்கையைப் பற்றி 1888 ஆம் ஆண்டில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஐந்து வயதாகுமுன் இறக்கும் நகரத்துக் குழந்தைகளுள் 32 வீதமானோர் ஓரறை வீடுகளில் இறக்கின்றனர் என்றும், ஐந்தும் அதற்கு மேலும் அறைகள் உள்ள வீடுகளில் இறப்போர் 2 வீதத்தினும் குறைவு என்றும் அவர் கணக்குக் காட்டினார். இறந்த குழந்தையின் உடலை வைப்பதற்கு வேறு இடமின்மையால் மேசைமீது கிடத்திவிட்டு, அதன் அருகிலேயே உடன்பிறந்தார் உண்டு, உறங்கி, விளையாடும் அவலத்தையும் அவர் எடுத்துரைத்தார். புள்ளிவிவரங்கள் பேசாததை அக்காட்சி பேசியது. எனினும் அச்சொற்பொழிவுக்குப் பின்னும் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்காலம் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை.

வாடகைக்கு விடும் முறையிலும் ஒரு தனித்தன்மை இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பெரும்பாலும் குடியிருப்போரின் கண்ணிற் படுவதில்லை. அவருக்காக வாடகை தண்டுவோரும், ஆளைத் தெரிந்தெடுப்போரும், வெளியேற்றுவோரும் வீட்டு முகவர்களே. ஒருவரே பல நூறு வீடுகளைப் பார்ப்பார். முன்னைய வாடகையை ஒழுங்காகச் செலுத்தியதற்குச் சான்றுச்சீட்டு இல்லாதவர்க்கு வீடு கொடுக்க மாட்டார். ஆண்டுதோறும் மாசி மாதமளவில் அடுத்த ஆண்டுக்கான உடன்பாட்டிற் கையொப்பமிட்டு, மே மாதம் 28 ஆம் நாள் குடிபுகுவது நெடுநாள் வழக்கம். நாட்கூலிக்கு உழைப்பவன் ஓராண்டுக்கு முன்னரே தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டிய இம்முறையை 1911 ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தி, மாத வாடகையை ஏற்படுத்தியது. ஆயின் அச்சட்டமே, வாடகை தவறியவரை விரைவில் வெளியேற்றும் வசதியையும் முகவர்க்கு அளித்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்த சட்டங்களுள் இதுவும் ஒன்று.

இந்நிலையிலேதான் 1914 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது.

போருக்கு முந்திய சில ஆண்டுகளிற் கிளாஸ்கோவில் வெறுமையாய்க் கிடந்த வீடுகள் பல. வேலை குறைந்தமையால் மக்கள் வெளிநாடு சென்றனர். கட்டுவோரும் புதிய வீடு கட்டுவதை நிறுத்தினர். போர் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. கப்பற்றளங்களும் குண்டு வார்க்கும் ஆலைகளும் இரவு பகலாக இயங்கின. கோவனில் உள்ள பெயர்பீல்ட் கப்பற்றளத்துக்கும், பார்க்ஹெட் இரும்பாலைக்கும், டல்மியூர் ஆலைக்கும் பல்லாயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிந்தனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகள் நிரம்பின. புதிய வீடு கட்ட மரமும் இல்லை, ஆளும் இல்லை, முதலும் இல்லை. வேண்டுவோர் பலராகவும் வீடுகள் சிலவாகவும் ஆயின. முகவர் வாடகையை உயர்த்தினர். 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கோவனில் ஆரம்பித்த உயர்வு, சில இடங்களில் 25 வீதம் வரை சென்றது.

வீட்டுடைமையாளர் பக்கத்து நியாயத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அவர்கள் எல்லாரும் பெருஞ் செல்வர் அல்லர். சிறு வணிகரும், கைம்பெண்டிரும், அறநிதிகளைப் பராமரித்தோரும் தம் சேமிப்பை ஒரு கட்டடத்தில் இட்டு, அதன் வருவாயில் வாழ்ந்தனர். கட்டடங்களுட் பல ஈட்டுக்கடனில் இருந்தன. அரசாங்கம் 1915 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாலரை வீத வட்டிக்குப் போர்க்கடன் திரட்டவே, ஈட்டுக்குப் பணங் கொடுத்தவர்கள் தமக்கும் கூடிய வட்டி வேண்டுமென நெருக்கினர். திருத்த வேலைச் செலவும் ஏறியது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் குடியிருப்பவன் நிலை யாது? அதே ஆண்டில் நிறைவேறிய போர்த்தளவாடச் சட்டம் ஆலைத் தொழிலாளியின் வேலை நிறுத்தத்தைத் தடுத்தது. உரிய சான்றுச்சீட்டின்றி ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குப் போகவும் விடவில்லை. அவனுடைய உழைப்பின் விலையை நாட்டின் நலங் கருதிக் கட்டுப்படுத்திய அரசாங்கம், அவன் தலைக்கு மேலிருந்த கூரையின் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. உழைப்பவனுக்குச் சட்டமும் உடைமையாளனுக்குச் சந்தையும் என்னும் இவ்வேற்றுமையே போராட்டத்தின் அறவலிமைக்கு ஊற்றாயிற்று.

போராட்டம் வெறும் ஆத்திரத்தில் எழுந்ததன்று. அதற்கு முன்னரே நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. அயர்லாந்திற் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பின்னர் நகரசபை உறுப்பினரான ஜோன் வீட்லி என்பார், நகராட்சி நடத்திய டிராம் வண்டிச் சேவையின் ஆதாயத்தைக் கொண்டு, ஆண்டுக்கு எட்டுப் பவுண் வாடகையிற் சிறு வீடுகள் கட்டித் தொழிலாளர்க்குக் கொடுக்கலாம் என 1913 ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார். மறு ஆண்டிற் கிளாஸ்கோ மாதர் வீட்டுவசதிச் சங்கம் தோன்றியது. மேரி லெயார்ட், ஹெலன் குரோபர்ட், அக்னஸ் டொலன், மேரி பார்பர் முதலியோர் அதன் தூண்களாக விளங்கினர். இவர்களுள் மேரி பார்பர் 1875 ஆம் ஆண்டிற் கில்பார்கன் என்னும் நெசவாளர் கிராமத்திற் கம்பள நெசவாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். மணமாகிக் கோவனில் வந்து குடியேறியவர். மேடையில் முழங்கும் பேச்சாளர் என்பதைவிட, அண்டை வீட்டுப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்பதே பொருந்தும்.

1915 ஆம் ஆண்டு மே மாதமளவிற் கோவன் பெண்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்தனர். பழைய வாடகையைக் கொடுப்போம். கூட்டிய தொகையைக் கொடோம். வீட்டை விட்டும் போகோம் என்பது அது. பழைய வாடகையைக் கொடுக்க மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. கடனைக் கொடாது ஏய்ப்பவர் என்று அவர்கள்மீது பழி சுமத்த இடமில்லாது போயிற்று. தாம் போராடுவதை அறிவிக்கும் அச்சிட்ட தாள்கள் வீட்டுச் சாளரந்தோறும் ஒட்டப்பட்டன. ஒரு தெருவில் ஒரு சாளரத்தில் மட்டும் அத்தாள் இல்லையாயின் அயலார் காரணங் கேட்பர். அச்சத்தினால் தனித்தனியே பணிந்துவிடக்கூடியவர்களை ஒன்றாகப் பிணைத்தது அத்தாளே.

கூட்டங்கள் அடுக்களைகளிலும், படிக்கட்டுகளிலும், துணி உலர்த்தும் முற்றங்களிலும் நடைபெற்றன. ஆண்கள் ஆலையில் இருக்கும் பகல் வேளையிலேதான் நீதிமன்ற ஏவலாளர் வெளியேற்றும் கட்டளையுடன் வருவர். எனவே காவலும் பெண்கள் கடமையாயிற்று. ஒருத்தி படிக்கட்டின் அடியிற் கையிலே மணியுடன் இருப்பாள். ஏவலாளரைக் கண்டதும் மணி ஒலிக்கும். மாவு பிசைந்தவள் மாவுடனும், துணி துவைத்தவள் ஈரத்துணியுடனும், குழந்தையை ஏந்தியவள் குழந்தையுடனும் ஓடி வந்து படிக்கட்டை அடைத்து நிற்பர். மாவுப்பொதிகளின் தாக்குதலுக்கு ஆளான ஏவலாளர் வெள்ளை உருவாகித் திரும்பியதை நகரம் நெடுநாள் சொல்லிச் சிரித்தது. ஒரு குடும்பத்தை வெளியேற்ற வேண்டுமாயின் ஒரு தெருவையே வெல்ல வேண்டியதாயிற்று. 'பார்பர் அம்மையாரின் படை' எனப் பிற்காலத்தார் வழங்கியது இக்கூட்டத்தையே.

நகரின் கிழக்கே ஷெட்டில்ஸ்டனில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி பொதுமக்கள் மனத்தைப் பெரிதும் கலக்கியது. பிரான்ஸ் நாட்டுப் போர்முனையிற் காயமுற்ற ஒரு போர்வீரனின் குடும்பம், ஒரு பவுணுக்கும் குறைந்த நிலுவைக்காக வெளியேற்றப்படும் நிலை வந்தது. வீட்லியின் தலைமையில் ஊரார் திரண்டு தடுத்தனர். வீட்டு முகவரின் கொடும்பாவியையும் எரித்தனர். தந்தை பிரான்ஸிற் போராடுகின்றார், நாங்கள் வீட்டிலுள்ள பகைவரோடு போராடுகின்றோம் என்னுங் கருத்தெழுதிய அட்டைகளைச் சிறுவர் ஏந்தி ஊர்வலஞ் சென்றனர். நாட்டுப்பற்றைக் காட்டி மக்களைப் போருக்கு அழைத்த அரசாங்கத்தின் மொழியையே அம்மக்கள் அதன் முன்னே திருப்பிப் பிடித்தனர். போராட்டத் தலைவருட் பலர் போரையே எதிர்த்தவர்கள். இருப்பினும் போர்வீரர் குடும்பங்கள் அவர்களுடன் தோளோடு தோள் நின்றன.

ஒக்டோபர் மாதத்திற் பெண்களின் பெரும் ஊர்வலம் நகராட்சி மன்றத்துக்குச் சென்றது. நிலைமை கைமீறுவதைக் கண்ட அரசாங்கம், வாடகை உயர்வுபற்றி ஆராய ஹண்டர் பிரபுவையும், கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் டபிள்யூ. ஆர். ஸ்கொட் அவர்களையும் நியமித்தது. இந்த ஹண்டர் பிரபுவே, ஜாலியன்வாலா பாக் படுகொலையையும் பஞ்சாப் கலவரங்களையும் விசாரிக்க 1919 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குழுவுக்குந் தலைவராக இந்தியா சென்றவர் என்பது நம்மவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். விசாரணை நடக்கையிலும் போராட்டம் ஓயவில்லை. நவெம்பர் நடுப்பகுதியில் ஏறக்குறைய 20,000 குடும்பங்கள் கூட்டிய வாடகையைக் கொடாது நின்றன எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது.

வெளியேற்ற இயலாது போகவே, முகவர் ஒருவர் வேறொரு வழியை நாடினார். ஸ்கொத்லாந்துச் சட்டப்படி கடன்பட்டவனின் கூலியையே நீதிமன்றக் கட்டளையாற் பிடித்தம் செய்யலாம். பார்ட்டிக் பகுதியைச் சேர்ந்த அம்முகவர், பெரும்பாலும் போர்த்தளவாடத் தொழிலாளரான 18 பேர்மீது சிறுகடன் வழக்குத் தொடுத்தார். 1915 ஆம் ஆண்டு நவெம்பர் 17 ஆம் நாள் வழக்கு விசாரணைக்கு வந்தது. கூலியிற் கைவைத்தமையால், அதுகாறும் பெண்களின் போராட்டமாக இருந்தது ஆலைகளின் போராட்டமும் ஆயிற்று. கப்பற்றளங்களிலிருந்து தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். வேலை நிறுத்தம் குற்றமாக இருந்த காலம் அது. கோவன் பெண்கள் ஒரு புறம் வந்தனர். பார்ட்டிக் பெண்கள் மற்றொரு புறம் வந்தனர். வழியிலே கோவனில் ஒரு பாடசாலைக்குச் சென்று ஆசிரியர் ஜோன் மக்ளீன் என்பாரையும் தொழிலாளர் தம்மோடு அழைத்து வந்தனர் என்பர். மாக்ஸியப் பொருளாதாரத்தை மாலை வகுப்புக்களிற் தொழிலாளர்க்குக் கற்பித்தவர் அவர். போரெதிர்ப்புப் பேச்சுக்களின் விளைவாக அவ்வாண்டிலேயே ஆசிரியர் பதவியை இழந்தவர். நீதிமன்றத்தைச் சூழ்ந்த தெருக்களிற் பல்லாயிரவர் நிறைந்தனர்.

உள்ளே ஷெரிப் லீ என்னும் நீதிபதி இக்கட்டில் அகப்பட்டார். சட்டம் முகவர் பக்கம். வெளியே நாட்டின் கப்பல்களையும் குண்டுகளையும் செய்வோர் வேலையை விட்டு நின்றனர். நீதிபதி உடனே இலண்டனுக்குத் தொலைபேசியிற் பேசினார், போர்த்தளவாட அமைச்சர் லொயிட் ஜோர்ஜ் தலையிட்டார் என்பது போராட்டக்காரர் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. கதையின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும் விளைவு ஐயத்துக்கிடமில்லாதது. முகவர் வழக்கைக் கைவிட்டார். அரசாங்கம் விரைவில் ஒரு மசோதாவைக் கொணரும் என்ற செய்தியும் வெளிவந்தது.

அம்மசோதா நவெம்பர் மாதம் முடிவதற்குள் வால்டர் லோங் என்னும் அமைச்சராற் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டு, டிசெம்பரிற் சட்டமாயிற்று. 'வாடகை, ஈட்டு வட்டி அதிகரிப்பு (போர்க்காலக் கட்டுப்பாட்டு)ச் சட்டம், 1915' என்பது அதன் பெயர். பெயரை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். வாடகையை மாத்திரம் நிறுத்தியிருந்தால் ஈட்டுக் கடனுள்ள சிறு உடைமையாளர் நசுங்கியிருப்பர். எனவே ஈட்டு வட்டியும் அதே மட்டத்தில் நிறுத்தப்பட்டது. வட்டி ஒழுங்காகச் செலுத்தப்படும்வரை முதலைத் திருப்பிக் கேட்டு நெருக்குவதும் தடுக்கப்பட்டது. போர் மூளுவதற்கு முதல் நாளாகிய 1914 ஆகஸ்ட் 3 ஆம் நாளில் இருந்த வாடகையே நியம வாடகை. அதற்கு மேற்பட்ட உயர்வு செல்லாது. குடியிருப்பவர் வாடகையைச் செலுத்திவரும்வரை, அயலார்க்குத் தொல்லை, உடைமையாளரின் சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்களாலன்றி அவரை வெளியேற்றலாகாது. வீட்டின் திறப்பைக் கையளிப்பதற்கென்று தனித்தொகை வாங்குவதும் தடுக்கப்பட்டது. ஆண்டுப் பெறுமதி இலண்டனில் 35 பவுணும், ஸ்கொத்லாந்தில் 30 பவுணும், ஏனைய இடங்களில் 26 பவுணும் மேற்படாத வீடுகளுக்கு இச்சட்டம் உரியதாயிற்று. தளபாடங்களுடன் வாடகைக்கு விட்ட வீடுகள் இதிற் சேரவில்லை. இந்த ஓட்டை வழியே எத்தனை பேர் பின்னர் நுழைந்தார்கள் என்பது தனிக்கதை.

அரசாங்கம் பணிந்தது நீதியுணர்ச்சியாலா, அச்சத்தாலா என்று வரலாற்றாசிரியர் வாதிடுவர். குண்டுற்பத்தி நின்றுவிடும் என்னும் அச்சமே விரைவுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்சம் மாத்திரம் சட்டத்தின் உள்ளமைப்பை விளக்காது. குடியிருப்பவன் ஒப்பந்தக்காரன் மாத்திரமல்லன், வீட்டிற் தொடர்ந்திருக்கும் ஓர் உரிமையும் அவனுக்கு உண்டு என்னும் கருத்து முதன்முதலாக நகர வீட்டுச் சட்டத்திற் புகுந்தது. போர் முடிந்து ஆறு மாதங்கள் வரையே நிலைத்திருக்குமென்று இயற்றப்பட்ட சட்டம் அது. ஒருமுறை புகுந்த அக்கருத்தை வெளியேற்றுவது, குடியிருப்பவனை வெளியேற்றுவதைக் காட்டிலும் கடினமாயிற்று. 1919 இல் நீடிக்கப்பட்டது. 1920 இல் வாடகையை 40 வீதம் வரை உயர்த்த இடங்கொடுத்து மீண்டும் இயற்றப்பட்டது. அவ்வுயர்வை எதிர்த்துக் கிளைட் கரையிலே கிளைட்பாங்க் நகரில் மற்றொரு நீண்ட போராட்டம் மூண்டது. உயர்வுக்கு முன்னர் முறைப்படி கொடுத்திருக்க வேண்டிய அறிவித்தல் கொடுக்கப்படவில்லை என்று 1922 நவெம்பரிற் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அம்மாதமே நடைபெற்ற பொதுத்தேர்தலிற் கிளாஸ்கோவின் 15 தொகுதிகளுள் 10 தொகுதிகளைத் தொழிற்கட்சி வென்றது. ஷெட்டில்ஸ்டனில் வென்றவர் ஜோன் வீட்லி.

வாடகையை நிறுத்தியதனால் ஒரு வீடுகூடப் புதிதாக எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வருவாய் குறுகிய உடைமையாளர் பலர் கூரையொழுக்கையும் திருத்தாது விட்டனர். தனியார் முதல் வேறிடஞ் சென்றது. இதனை எடுத்துக்காட்டி வாடகைக் கட்டுப்பாடே தீது எனக் கூறும் பொருளியலாளர் உளர். ஆனால் கட்டுப்பாடு வருவதற்கு முந்திய நூறு ஆண்டுகளிற் கட்டுப்பாடற்ற சந்தை கட்டிக் கொடுத்தவை ஒற்றையறை வீடுகளே என்பதையும், 1910 ஐ அடுத்த ஆண்டுகளிலே அதுவும் நின்றுபோயிற்று என்பதையும் அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. ஸ்கொத்லாந்தின் வீட்டு நிலைபற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1917 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தனியார் முயற்சி தோல்வியடைந்தமையால் வீட்டுப் பொறுப்பை அரசே உள்ளூராட்சி மன்றங்கள் மூலம் ஏற்கவேண்டும் என்னும் முடிவுக்கு வந்தது. வாடகைக் கட்டுப்பாடும் வீடு கட்டுதலும் ஒரே கொள்கையின் இரு பாதிகள் என்பதை நன்கு உணர்ந்தவர் வீட்லி. 1924 ஆம் ஆண்டின் முதற் தொழிற்கட்சி அரசாங்கத்திற் சுகாதார அமைச்சராக இருந்த சில மாதங்களுக்குள், நகராட்சிகள் கட்டும் வீடொன்றுக்கு ஆண்டுக்கு 9 பவுண் வீதம் 40 ஆண்டுகளுக்கு உதவிப்பணம் அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். அதன் பயனாகப் பத்தாண்டுக்குள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் வீடுகள் எழுந்தன. அவ்வமைச்சரவையின் பணிகளுள் நிலைத்து நின்றது இதுவே எனலாம்.

மேரி பார்பர் 1920 ஆம் ஆண்டிற் கோவன் பகுதியிலிருந்து நகரசபைக்குத் தெரிவானார். குழந்தைகளுக்கு இலவசப் பால், தாய்மார்க்கு மருத்துவ நிலையங்கள், துணி துவைக்கும் பொது நிலையங்கள் என அவர் முயன்றவையெல்லாம் ஒற்றையறை வீட்டின் குறைகளை வெளியிலிருந்து ஈடுசெய்வன. 1958 ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய சிலை கோவனில் 2018 மார்ச் 8 ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. தனித்த உருவமன்று, அவர் பின்னே பெண்களின் ஒரு வரிசை தொடர்ந்து வருகின்றது.

கிளாஸ்கோவில் முளைத்த சட்டம் கடல் கடந்தும் பரவியது. பம்பாயில் 1918 இலும், கல்கத்தாவிலும் இரங்கூனிலும் 1920 இலும் வாடகைச் சட்டங்கள் தோன்றின. இலங்கைக்கு அது மற்றொரு போருடனேதான் வந்தது. 1915 ஆம் ஆண்டிலே இங்கும் 'வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்' என ஒன்று இயற்றப்பட்டது. அது தெருவின் அகலத்தையும், சுவரின் உயரத்தையும், அறைக்குள் வரும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசியது. அவ்வறைக்குள் இருப்பவன் கொடுக்கும் வாடகையைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிறந்த 1942 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இந்நாட்டில் வாடகையைக் கட்டுப்படுத்தியது. அதன் இடத்தை 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1941 நவெம்பர் மாதத்தில் நடைமுறையிலிருந்த வரிமதிப்பின் அடிப்படையில் நியம வாடகை கணிக்கப்பட்டது. கிளாஸ்கோச் சட்டம் போருக்கு முதல் நாளைத் தெரிந்தெடுத்தது. இலங்கைச் சட்டம் ஜப்பான் போரிற் குதிப்பதற்கு முதல் மாதத்தைத் தெரிந்தெடுத்தது. இரண்டும் ஒரே சிந்தனையின் வார்ப்பு. போர் உண்டாக்கிய தட்டுப்பாட்டின் ஆதாயம் உடைமையாளரைச் சேரலாகாது என்பதே அச்சிந்தனை.

யாழ்ப்பாணத்திலே சொந்த வளவில் வாழ்ந்து பழகிய குடும்பங்களிலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றவர்கள், பலர் கூடி ஒரு வீட்டை எடுத்தும், மணமான பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தனி வீடு எடுத்தும் வாழ்ந்தனர். ஊரில் உடைமையாளராகவும் நகரிற் குடியிருப்பவராகவும் இருந்த அவர்களுக்கு இச்சட்டத்தின் இரு பக்கங்களும் தெரியும். உடைமையாளர் தமது சொந்தக் குடியிருப்புக்கு வீடு நியாயமாகத் தேவை எனக் காட்டினால் வெளியேற்றலாம் என்று 1948 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 'நியாயமாக' என்னும் அவ்வொரு சொல்லின்மேல் எழுந்த வழக்குகள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெளிவந்த சட்ட அறிக்கைத் தொகுதிகளில் நிறைந்து கிடக்கின்றன. ஓய்வுபெற்று வந்து தன் வீட்டைக் கேட்கும் உடைமையாளரின் துன்பமா, வேறு வீடு கிடையாத குடியிருப்பாளரின் துன்பமா பெரிது என நீதிபதிகள் எடைபோட வேண்டியிருந்தது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் அத்தராசைக் குடியிருப்போர் பக்கம் மேலும் தாழ்த்தியது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அரசு பொறுப்பேற்று அவற்றிற் குடியிருந்தோருக்கே விற்க வழிசெய்தது. கொழும்பின் தோட்டங்களிலும் வரிசை வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக மாத வாடகை கொடுத்து வந்த குடும்பங்கள் பலவற்றின் கையில் உறுதிப் பத்திரம் என்ற ஒன்று வந்தது அப்போதுதான்.